இடப்பக்கம் அரை அங்குலம்

பிப்ரவரி 3

அன்புள்ள கண்ணாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால்தான் மாடிப்படி ஏறும்போது என்னைக் கேட்காமல் பேசுகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? கடிகாரக் கடைக்கு ஆட்கள் வருகிறார்களா?

உட்கார்ந்து படி. பெரிய பைக்கடை வைத்திருக்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நம் பையை உள்ளும் புறமும் திருப்பினாள், ஜிப்பைப் பத்துத் தடவை இழுத்தாள். கடைசியில், "நாப்பது வேணும், ஜூன் முப்பதுக்குள்ள. எல்லாம் ஒரே கை மாதிரி இருக்கணும். ஒண்ணு மாறினாலும் நாப்பதும் திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டாள். நாற்பதும் அவள் மனதுக்குப் பிடித்துவிட்டால் வாசல் அலமாரி வருடம் முழுக்க நமக்குத்தான். பைக்குள் தைக்கத் துணிச்சீட்டில் என்ன பெயர் என்று கேட்டாள். "நான்கு கைகள்" என்றேன். உன்னுடையது இரண்டு, என்னுடையது இரண்டு.

அந்தத் தைரியத்தில் இன்று ஆலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு வருடம் காலர் தைத்தது போதும். சூப்பர்வைசர், "பை தைச்சுப் பொழைக்கப் போறியா? நல்லாப் பொழைச்ச!" என்றார். துணிக்கட்டு கட்டும் நீல நாடாச் சுருளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இனி அந்த நாடாவைக் கையால் தொட மாட்டேன். உனக்கு நூல் அனுப்பும் இந்தப் பார்சலைக்கூடச் சணல் கயிற்றால்தான் கட்டியிருக்கிறேன், பார்.

ஆனால் இருபதாம் தேதிவரை ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதனால் யோசித்துச் சொல். நாற்பது வெளிக்கூடும் நீதான் குரோஷா போட வேண்டும். உள்துணி, ஜிப், மூடி, இரட்டை ஊசியில் பின்னும் தோள்வார் எல்லாம் என் பாடு. கூட்டையும் நானே போடலாம். ஆனால் என் கண்ணிகள் வலப்பக்கம் சாயும், உன்னுடையவை இடப்பக்கம். சின்ன வயதில் நான் ஊசி பிடிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தே திருடிக்கொண்டவள் நீ. என் வலக்கை உனக்கு இடக்கை ஆகிவிட்டது. எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கை. குரோஷா ஊசி மட்டும் இடக்கை. கண்ணாடி என்று பெயர் வந்ததே அதனால்தானே! (பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை, "எப்பக் கண்ணாடி போடுவாங்க?" என்று கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.) உன் கூடு வரிசை வரிசையாக மேலே ஏறும்போது இடப்பக்கம் திரும்பிக்கொள்வதால், மூடியையும் நான் இடப்பக்கம் அரை அங்குலம் தள்ளித்தான் தைக்கிறேன். கடைக்கார அம்மாவுக்குப் பிடித்ததே அந்தச் சாய்வுதான்.

முடியாது என்றால் தயங்காமல் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன் முழங்காலுக்குக் கதவுக்குப் போடுவது போல இரண்டு சொட்டு எண்ணெய் விடு.

ராஜினாமாவைத் திரும்ப வாங்கினால் உன்னோடு பேசவே மாட்டேன். அந்த சூப்பர்வைசர் முன்னால் நீ மறுபடி போய் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாற்பதும் போடுகிறேன். பதில் எழுத நான்கு நாள் ஆகிவிட்டது. தபால்பெட்டி வரை போய்த் திரும்பியும் வந்தேன். ஏன் என்று கேட்காதே, சோம்பல்தான்.

இத்துடன் முன்பே போட்டு வைத்திருந்த ஆறு கூடுகள். உன் மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று டாக்டரிடம் போய் வந்தோம். பெரிதாக ஒன்றுமில்லையாம். நீ கொடுத்த பூப்போட்ட பீங்கான் கோப்பை கைநழுவி உடைந்துவிட்டது. திட்டாதே.

உன் பிரியமுள்ள,
கண்ணாடி

மார்ச் 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

நான் நலம். மாப்பிள்ளையின் முதுகு தேவலையா? குனிந்தே வேலை பார்ப்பவர், தலையணை வைத்துக்கொள்ளச் சொல்.

மொத்தம் பதினாறு கூடு வந்துவிட்டது. நல்ல வேகம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஒன்பதாவதிலிருந்து அகலம் குறைந்துகொண்டே வருகிறது. கண்ணி எண்பத்து நான்கு சரியாகத்தான் இருக்கிறது, எண்ணிவிட்டேன். நூலும் அதேதான். ஆனாலும் பதினாறாவது ஒரு விரற்கடை சிறியது. ஈரத்துணி போட்டு இழுத்துக் குண்டூசி குத்தித்தான் சரிசெய்தேன்.

எனக்குத் தெரியாதா உன்னை? எதையாவது விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தால் உன் பின்னல் இறுகும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ போட்ட பர்ஸுக்குள் நாணயம்கூட நுழையவில்லை. வீட்டில் சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? கேட்டதற்குப் பதில் எழுது, கோப்பைக் கதை வேண்டாம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கூடு சுருங்கியதற்கு இவ்வளவு பெரிய விசாரணையா? ஊசி மாற்றினேன், அவ்வளவுதான். பழைய ஊசியின் முனை தேய்ந்துவிட்டது. சண்டை போடவும் ஆள் வேண்டுமே! உன் மாப்பிள்ளை கடையே கதி என்று கிடக்கிறார். இப்போது வீட்டுக்கு வந்தும் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ வேலை.

அடுத்த ஆறு கொஞ்சம் தாமதமாக வரும். அவசரப்படுத்தாதே. இங்கே வெயில் ஏறிவிட்டது. நீ தண்ணீர் நிறையக் குடி.

உன் பிரியமுள்ள,
கண்ணாடி

ஏப்ரல் 14

கண்ணாடிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பதினேழாவது பையை முடித்து நேற்று ஆணியில் மாட்டினேன். மூடி கோணல். என் கண்ணில்தான் கோளாறு என்று பிரித்துத் தைத்தேன். மறுபடியும் கோணல். அளந்தேன், ஒரு அங்குலம். அப்புறம்தான் கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலப்பக்கம் சாய்கிறது. இந்தத் தடவை கூடுகள் உள்புறம் வெளியே தெரியும்படி வந்திருந்தன. அவசரத்தில் திருப்ப மறந்துவிட்டாய் என்று நானே ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மறதி இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று இப்போது புரிகிறது. உள்புறத்தில் பார்த்தால் வலச்சாய்வும் இடச்சாய்வாகத்தானே தெரியும்! என்ன மூளை உனக்கு!

அது மட்டுமில்லை. சிரித்துக்கொண்டு போட்ட வரிசை உன் கையில் தளரும், முறைத்துக்கொண்டு போட்டது இறுகும். இந்த ஆறிலும் ஒரு கண்ணிகூடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறார்கள். யார் அவள்?

நான் இங்கே "நான்கு கைகள்" என்று துணிச்சீட்டு தைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது கை யாருடையது? உன்னை நம்பி வேலையை விட்டவள் நான். கடைக்கார அம்மா மாத முடிவில் பார்க்க வருகிறாள். அவள் கண்ணில் இது பட்டால் நாற்பதும் போயிற்று, நானும் நடுத்தெருவில்தான். உனக்கு அலுத்துவிட்டது என்றால் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம். கேட்டேனே!

ஆறையும் திருப்பி அனுப்புகிறேன். பிரித்துவிட்டு உன் கையால் போட்டு அனுப்பு. இல்லாவிட்டால் கடிதமும் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 29

கண்ணாடிக்கு,

பதினைந்து நாளாகிவிட்டது. கடிதம் வேண்டாம் என்று எழுதினால் எழுதவே மாட்டாயா? நான் சொன்னதையெல்லாம் இத்தனை வருடம் கேட்டவள் மாதிரி!

கடைக்கார அம்மா வந்து போனாள். முடிந்த பதினாறையும் பார்த்தாள். "மீதி எங்க?" என்றாள். "வந்துக்கிட்டே இருக்கு" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு அச்சகத்தில் இயந்திரச் சத்தம் நின்றால்கூடத் தபால் வாங்கத்தான் நிறுத்தினார்கள் என்று எட்டிப் பார்க்கிறேன்.

திட்டியாவது எழுது.

அக்கா

மே 6

அக்காவுக்கு,

ஆறையும் பிரித்துவிட்டேன். இரண்டு போட்டு அனுப்பியிருக்கிறேன். என் கைதான். சாய்வைப் பார்த்துக்கொள். மீதியும் வரும்.

கண்ணாடி

மே 8

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கடிகாரத்தைத் திறந்து மூடத்தான் எனக்குத் தெரியும், கடிதம் எழுதத் தெரியாது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை அவளுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு முதுகுவலி வந்ததே இல்லை. பிப்ரவரியில் டாக்டரிடம் போனது அவளுக்காக. இடது மணிக்கட்டுக்குள் ஒரு கட்டி, நரம்பை அழுத்துகிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப் போகின்றன. ஏப்ரல் முடிவதற்குள் அறுவைசிகிச்சை செய்தால் விரல்கள் பிழைக்கும், அதற்குமேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். செய்தபின் ஆறு மாதம் ஊசியே தொடக்கூடாதாம். அன்று சாயங்காலம்தான் உங்கள் முதல் கடிதம் வந்தது. வலக்கை நன்றாக இருப்பதால் எழுத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

"அக்கா ராஜினாமா குடுத்துட்டா. இப்ப நான் முடியாதுன்னு சொன்னா நாளைக்கே திரும்பிப் போய் அந்த ஆள் முன்னாடி நிப்பா. ஜூன் முப்பது வரைக்கும் தாங்கும், வாயைத் திறக்காதீங்க" என்றாள். நானும் திறக்கவில்லை. என்மேலும் தப்புதான்.

ஐந்தாவது கை என்னுடையது, அண்ணி. ஆறாவதும் என்னுடையதே. அவள் கை ஓய்ந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இடக்கையால் போட நான்கு நாள் முயன்று பார்த்தேன், என் இடக்கைக்குச் சின்ன ஆணியைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் தெரியும். வலக்கையால் போட்டேன். வரிசைக்கு எண்பத்து நான்கு கண்ணி, ஒன்றும் தப்பவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "என்ன சார், கடிகாரத்துக்கு ஸ்வெட்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உள்புறம் திருப்பி அனுப்பும் யோசனை அவளுடையது. நீங்கள் திருப்பாமல் தைத்துவிடுவீர்கள் என்று நம்பினாள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆறையும் பிரித்துவிட்டாள். ஒரு மாத வேலை, அரை மணி நேரத்தில் நூலாகத் தரையில் கிடந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. இப்போது அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் ஊசியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு போடுகிறாள். உங்களுக்கு வந்த இரண்டும் அப்படிப் போட்டவை. டாக்டர் சொன்ன கெடு தாண்டி எட்டு நாளாகிவிட்டது. நான் கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். உங்கள் வார்த்தைக்காக எடுத்த ஊசியை உங்கள் வார்த்தைக்குத்தான் கீழே வைப்பாள். உடனே எழுதுங்கள்.

தங்கள்,
மாப்பிள்ளை

மே 11

என் கண்ணாடிக்கு,

ஊசியைக் கீழே வை. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் வை. கட்டியிருக்கும் துணியை மாப்பிள்ளை அவிழ்க்கட்டும். அவர்மேல் கோபப்படாதே. அவர் எழுதாவிட்டால் நான் இன்னும் அந்த இரண்டு கூட்டின் சாய்வை அளந்துகொண்டு, சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

கடைக்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கை முக்கியமா, பை முக்கியமா? டிசம்பர்ல குடுங்க போதும்" என்றாள். முடிந்த பதினாறையும் எடுத்துக்கொண்டாள். ஆகவே நான் கால் நீட்டி உட்கார்ந்து நிதானமாக உள்துணி வெட்டிக்கொண்டிருக்கிறேன். நீ எனக்காகக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. நான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. மன்னித்துக்கொள்.

ஏப்ரலில் எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழித்தாலும் எழுதினது எழுதினதுதான் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

ஜூன் 5

அன்புள்ள கண்ணாடிக்கு,

அறுவைசிகிச்சை முடிந்தது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். விரல் அசைகிறதா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கப் பயந்துகொண்டு இருக்கிறேன்.

கையைத் தொங்கவிட ஒரு பட்டை தைத்து அனுப்புகிறேன். கழுத்தில் உறுத்தாமலிருக்க உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நேரம் நிறைய இருக்கிறது. நீ நன்றாகத் தூங்கு.

அன்புடன்,
அக்கா

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம், இந்தத் தடவை உள்புறம் திருப்பி அனுப்பவில்லை.

நீ கேட்கப் பயந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு விரலும் வந்துவிட்டன. கோப்பை சுடுகிறதா என்று தெரிகிறது. கட்டைவிரல் வரவில்லை. வராது என்று டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். உன் கடிதத்தால்தான் என்று நீ ஆரம்பிப்பாய். ஆரம்பிக்காதே. நீ "முடியாது என்றால் சொல்" என்று கேட்டு எழுதியிருந்தாய். முடியாது என்று எழுதிக்கொண்டு தபால்பெட்டி வரை போய்த் திரும்பியவள் நான்.

இப்போது உன் விஷயம். நீ அனுப்பிய பட்டையை இன்றும் போட்டிருக்கிறேன், மெத்தென்று இருக்கிறது. ஆனால் அந்தப் பார்சலைக் கட்டியிருந்தது சணல் கயிறு இல்லை, அக்கா. நீல நாடா. கழற்றினதும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மாப்பிள்ளை வலிக்கிறதா என்று ஓடி வந்தார்.

கடைக்கார அம்மா டிசம்பர் வரை தவணை கொடுத்தாளா? உன் முழங்கால் வீங்கியதா, அல்லது புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு கிடையாது என்று சொன்னார்களா? எனக்கு மட்டும் முதுகுவலிக் கதை சொல்லத் தெரியும் என்று நினைத்தேன். எந்த மேசையில் இருக்கிறாய்? காலர் மேசையில் உன்னை மறுபடி விட்டிருக்க மாட்டார்களே? உண்மையை எழுது. அழுதுவிட்டேன், இனி அழ மாட்டேன், எழுது.

இத்துடன் ஒரு சின்ன பர்ஸின் கூடு. ஆறு மாதம் ஊசி தொடக்கூடாது என்றது இடக்கைக்குத்தான். வலக்கைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வலக்கையில் ஊசி பிடித்து நான் போட்ட முதல் கூடு இது, சிரிக்காதே. பின்னலைப் பிடித்துக்கொள்ள என் இடக்கைக் கட்டைவிரல் உதவாது. அதனால் உன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தன் இடக்கையால் பிடித்துக்கொள்கிறார். நான் இழுக்க, அவர் விட, நாங்கள் போட்ட சண்டையெல்லாம் அதில் தெரியும். ஐந்தாவது வரிசையில் ஒரு கண்ணி காணாமல் போயிருக்கிறது. அவர்தான் தும்மினார்.

உன் பிரியமுள்ள,
கண்ணாடி

ஜூலை 20

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலம். அன்று முழங்கால் வீங்கவே இல்லை. ஆனால் இப்போது நின்றுகொண்டே வேலை என்பதால் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்குகிறது. பொய் சொன்ன தண்டனை.

ஆமாம், ஆலைக்குப் போய்விட்டேன். நூல் வெட்டும் மேசை. கடைக்கார அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பதினாறு பையையும் ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளி வைத்தாள். கட்டிலுக்கடியில் இருக்கின்றன. சூப்பர்வைசர் கேலி பண்ணுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவரோ நாடாச் சுருளை எடுத்துக் கையில் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் லீவு கிடைக்கும். கிடைத்த அன்றே பஸ் ஏறுகிறேன்.

கட்டைவிரலைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. நீ சொன்னாய் என்பதற்காக எழுதாமல் இருக்கிறேனே தவிர, நினைக்காமல் இல்லை.

பர்ஸுக்கு உள்துணி வைத்து, ஜிப் வைத்து முடித்துவிட்டேன். பழக்கதோஷத்தில் மூடியை இடப்பக்கம் தள்ளிக் குண்டூசி குத்திவிட்டு, பிறகு பிடுங்கி வலப்பக்கம் அரை அங்குலம் தள்ளினேன். நேராக உட்கார்ந்தது. நம் இரண்டு பேர் கண்ணியும் ஒரே பக்கம் சாய்வதை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மாப்பிள்ளை தும்மிய இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன்.

துணிச்சீட்டு தைக்கத்தான் கொஞ்சம் யோசித்தேன். பழைய சீட்டுகள் ஒரு டப்பா நிறைய மீதி இருக்கின்றன. புதிதாக எழுத வேண்டுமோ என்று எண்ணிப் பார்த்தேன். உன்னுடையது ஒன்று, மாப்பிள்ளையுடையது ஒன்று, என்னுடையது இரண்டு. பழைய சீட்டையே வைத்துத் தைத்துவிட்டேன்.

அக்கா